எழுத்தாணியோட மறுபக்கம்: ஒரு பாக்கெட் கத்தியின் கதை

வரலாறு பேசுற பாட்காஸ்ட்டுல இன்னைக்கு பாக்கெட் கத்தி. "என்னப்பா, விளம்பரம் எதுவும் வாங்கிட்டியா?"ன்னு கேட்றாதீங்க. அப்படி யாரும் வரல, வந்தா சொல்றேன்.

விஷயம் இதுதான். போன மாசம் ஒருத்தர் மெசேஜ் அனுப்பியிருந்தாரு. தினமும் பையில வச்சுக்கிற மாதிரி, கனமில்லாத, சிம்பிளான மல்டி-டூல் கத்தி ஒண்ணு வாங்கணும், எதை வாங்கலாம்னு கேட்டிருந்தாரு. வரலாறு பேசுறவன்கிட்ட ஏன் இதைக் கேக்குறாருன்னு தெரியல. ஆனா சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்காரு, ஏன்னா அதே கேள்வியோட நானும் ஆறு மாசமா சுத்திட்டிருந்தேன். என் ஷாப்பிங் கார்ட்ல முப்பதுக்கும் மேல வேலை செய்யுற ஒரு ஸ்விஸ் கத்தி உக்காந்திருந்துச்சு. ரம்பம், உளி, பூதக்கண்ணாடி, மீன் செதில் சுரண்டுற பிளேடு எல்லாம் அதுல உண்டு. நான் வேளச்சேரியில ஒரு அபார்ட்மெண்ட்ல உக்காந்து கோட் எழுதுறவன். மீன் கடையிலேயே சுத்தம் பண்ணித் தந்துடுறாங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் தியாகதுருகம். உளுந்தூர்பேட்டையில இருந்து சேலம் போற ரோட்டுல, கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி, பஸ் ஜன்னல்லயே ஒரு மொட்டை மலையும் கோட்டைச் சுவரும் தெரியும். அந்த ஊர்தான். வீட்டுத் திண்ணையில உக்காந்து போன்ல கத்தி படத்தைப் பாத்துட்டிருந்தேன். எங்க ஆயா பக்கத்துல முருங்கைக்கீரை ஆஞ்சிட்டிருந்தாங்க.

"என்னாடா அது, நண்டு மாதிரி?"

எல்லாக் காலையும் விரிச்சு வச்ச ஸ்விஸ் கத்தி நண்டு மாதிரிதான் இருக்கும். விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு ஆயா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "இதுல எத்தனையடா நீ தெனம் எடுப்ப?"

பதில் இல்ல. ஆயா எழுந்து உள்ள போய், அவங்க வச்சிருக்க கத்தியை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தாங்க. சின்ன வயசுல இருந்து பாத்த கத்திதான். மாட்டுக்கொம்புல பிடி, பழுப்பும் கறுப்புமா, வழவழன்னு. ஒரு முனையில மடங்குற பிளேடு, என் நடுவிரல் நீளம்கூட இல்ல. தீட்டித் தீட்டி நடுவுல குழி விழுந்திருக்கு. முருங்கைக்காய் சீவ, புளியில கொட்டை எடுக்க, வெத்தலைக் காம்பு கிள்ள, எல்லாத்துக்கும் இதுதான். அன்னைக்குத்தான் முதல் தடவையா அந்தப் பிடியோட மறுமுனையைப் பாத்தேன். அங்கயும் ஒரு ஆணி இருக்கு, அதுலயும் ஏதோ ஒண்ணு மடங்கி வந்திருக்கணும். இப்ப அரை இன்ச் துருப்பிடிச்ச தண்டு மட்டும் நீட்டிட்டிருக்கு.

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு ஆயா?"

"எழுத்தாணி. உங்க தாத்தனோட தாத்தன் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லியா, அவருது. நான் கல்யாணமாகி வரும்போதே ஒடிஞ்சுதான் கெடந்துது. மாமியா அடுப்படிக்கு வச்சுக்கன்னு குடுத்தாங்க." கீரையைப் பாத்துக்கிட்டே சேத்துச் சொன்னாங்க: "எழுதுற பக்கம் எனக்கு எதுக்கு? என்னைய எங்க பள்ளிக்கூடம் அனுப்புனாங்க."

இந்த எபிசோடு அந்த ஒடிஞ்ச தண்டுல இருந்து வந்ததுதான்.

அதுக்குத் தமிழ்ல ஒரு பேர் இருக்கு: மடக்கெழுத்தாணி. நான் ஏதோ எங்க வீட்டுல மட்டும் இருக்குற விசித்திரம்னு நெனச்சேன். ஒரு காலத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்ச பல பேர் இடுப்புல இருந்த சாதாரணப் பொருள் இது. உ.வே.சாமிநாதையர் அந்தக் காலப் பள்ளிக்கூடங்களைப் பத்தி எழுதுறப்ப எழுத்தாணி வகைகளையும் சொல்றாரு. அவர் 1855-ல பிறந்தவர், ஓலையில எழுதிப் படிச்ச கடைசித் தலைமுறைகள்ல ஒருத்தர், அதனால கேள்விப்பட்டுச் சொல்லல, கையில புழங்கிச் சொல்றாரு. தலையில கனமா குண்டு வச்சது குண்டெழுத்தாணி. மேல்முனையில ஓலை வார்றதுக்கான சின்னக் கத்தியோட நீளமா இருக்கிறது வாரெழுத்தாணி. பிடிக்குள்ள மடக்கி வச்சுக்கிறது மடக்கெழுத்தாணி. அந்தப் பிடி மரமா இருக்கலாம், கொம்பா இருக்கலாம், காசிருந்தா தந்தமா இருக்கலாம். ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் எழுத்தாணி.

ஏன் இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கணும்? இதைப் புரிஞ்சுக்க, ஓலையில எழுதுறதுன்னா என்னன்னு கொஞ்சம் பாக்கணும். பனையோலை மரத்துல இருந்து நோட்டுப் புத்தகமா இறங்கி வர்றதில்ல. ஈர்க்கை எடுக்கணும், ஓரத்தை ஒரே சீரா நறுக்கணும், எல்லா ஏடும் ஒரே அளவுல வரணும். இதுக்குப் பேர்தான் ஓலை வார்றது. கத்தி இல்லாம இந்த வேலை நடக்காது. அப்புறம் இடது கையில ஏட்டைப் பிடிச்சு, இடது பெருவிரல் நகத்துல முட்டுக் குடுத்து, வலது கையில எழுத்தாணியால கீறணும். நகத்தை வளத்து அதுல ஒரு பள்ளம் வெட்டி வச்சுக்கிட்டவங்ககூட இருந்திருக்காங்க. ஆணியோட முனை அந்தப் பள்ளத்துல பதிஞ்சு நிக்கும், வழுக்காது. இதுல ஒரு நுணுக்கம்: எழுத்தாணி ஓலையை வெட்டக் கூடாது, கீறத்தான் செய்யணும். ரொம்பக் கூரா இருந்தா ஓலை கிழியும், மழுங்கியிருந்தா எழுத்து பதியாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காம ஏட்டுல எழுதுனதுக்கே, புள்ளி குத்தினா ஓலை பொத்துப் போயிடும்னுதான் காரணம் சொல்வாங்க. எழுதி முடிச்சதும் மஞ்சள், விளக்குக் கரி, இலைச்சாறு எதையாவது தடவினா கீறல்ல கறுப்பு ஏறி எழுத்து தெரியும்.

ஆக, எழுதுற ஒருத்தனுக்கு நாள் முழுக்க ரெண்டே கருவிதான் வேணும். ஒண்ணு வெட்ட, இன்னொண்ணு கீற. ஒண்ணுக்குக் கூர் எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லது, இன்னொண்ணுக்குக் கூர் அளவோட இருக்கணும். ஒரே முனையை வச்சு ரெண்டையும் செய்ய முடியாது. அதனால ஒரே பிடியில ரெண்டு முனை. மூணாவதா ஒண்ணை அதுல யாரும் சொருகல. இதை டிசைன் பண்ண கொல்லர் யாருன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஆனா நான் வேலை பாக்குற இடத்துல ஒரு புது ஃபீச்சர் வேணுமா வேணாமான்னு நாலு மீட்டிங் போடுவோம். அந்தக் கொல்லர் அதை அடிச்சு மடக்கிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

பாக்கெட் கத்தின்னா நம்ம மனசுல என்ன வருது? பட்டாளம், காடு, டிரெக்கிங். இல்லேன்னா பழைய சினிமா வில்லன் டக்குனு விரிக்கிற ராம்பூரி. அதுவும் எங்க ஊர்ல இருந்துக்கிட்டு கத்தி, கோட்டைன்னு பேசினா, கேக்குறவங்க நேரா சண்டைக்குத்தான் போவாங்க. தப்பில்ல. தியாகதுருகம் மலைக்கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டுல பாக்காத முற்றுகை இல்ல. பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்க, மைசூர்க்காரங்கன்னு கை மாறிக்கிட்டே இருந்துச்சு. 1790-ல திப்பு சுல்தான் வந்து சுத்தி வளைச்சப்ப, உள்ள இருந்து தாக்குப்பிடிச்சவர் கேப்டன் ஃபிளின்ட். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி ஐதர் அலி படைக்கு எதிரா வந்தவாசிக் கோட்டையைக் காப்பாத்துன அதே ஆள். சின்ன வயசுல அந்த மலை ஏறும்போதெல்லாம் எனக்கு வாள் சத்தம்தான் கேக்கும்.

ஆனா மடக்குற சின்னக் கத்தியோட கதையில சிப்பாய் மட்டும் இல்ல. எழுத்துக்காரன், கணக்கு எழுதுறவன், வாத்தியாரும் அதுல உண்டு. இங்க மட்டும் இல்ல, ஐரோப்பாவிலயும் அப்படித்தான். இங்கிலீஷ்ல பென்-நைஃப்னு சொல்றாங்களே, அது ஏன் பென்? வாத்து இறகைச் சீவிப் பேனா முனை செய்யுற கத்தி அது. நாலு பக்கம் எழுதினா முனை மழுங்கிடும், மறுபடி சீவணும். அதனால எழுதுறவன் கத்தி இல்லாம உக்கார மாட்டான். நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் கச்சேரிகள்ல அந்தக் கத்தி வந்து சேந்தப்ப தமிழ் அதுக்கு வச்ச பேரு பேனாக்கத்தி. இறகுப் பேனா போய், ஸ்டீல் நிப்பு வந்து, பால் பாயின்ட் வந்து, இப்ப பேனாவே போயிடுச்சு. ஆயா இன்னும் பேனாக்கத்தின்னுதான் சொல்றாங்க.

சரி, இனிமே லண்டன். 1790-கள்.

பம்பாயில இருந்த ஹெலெனஸ் ஸ்காட்ங்கிற டாக்டர், லண்டன் ராயல் சொசைட்டியோட தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கொஞ்சம் எஃகுக் கட்டிகளை அனுப்பி வைக்கிறாரு. இந்தியாவில செய்யுற எஃகு, பேரு ஊட்ஸ். உருக்கு, உக்குங்கிற தென்னிந்திய வார்த்தைதான் திரிஞ்சு அப்படி ஆச்சுன்னு பொதுவா சொல்றாங்க. ஜார்ஜ் பியர்சன்ங்கிறவர் அதை சோதிச்சுப் பாத்து 1795-ல ஒரு கட்டுரை படிக்கிறாரு. இந்த எஃகு நிஜமாவே நல்லதான்னு பாக்க அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வாள் செய்யல. பீரங்கி செய்யல. ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு லண்டன்ல ஒரு கத்திக்காரர், அவர்கிட்ட ஒரு துண்டைக் குடுத்து ஒரு பேனாக்கத்தி அடிக்கச் சொன்னாங்க.

அடிக்கிறது சுலபமா இல்ல. இந்த எஃகுல கார்பன் அதிகம். அவங்க பழகுன சூட்டுல அடிச்சா உடைஞ்சு நொறுங்கும். குறைஞ்ச சூட்டுல, இருட்டுல பாத்தாத்தான் தெரியுற அளவு மங்கலான சிவப்புல வச்சு, பொறுமையா அடிக்கணும். ஸ்டோடார்ட் அடிச்சாரு. வந்த கத்தியோட கூர் அங்க இருந்த நல்ல கத்திகளோட போட்டி போடுற மாதிரி இருந்துச்சு. இவ்வளவு சிரமம் இருந்தும், பல வேலைகளுக்கு எங்க எஃகை விட இது மேல்னு அவரே சொன்னாரு. அப்புறம் தன்னோட கடை அட்டையிலயே ஊட்ஸ்ல செஞ்சு தர்றேன்னு போட்டுக்கிட்டாரு. பல வருஷம் கழிச்சு ஒரு இளைஞர் அவரோட சேந்து எஃகு ஆராய்ச்சி பண்ண வர்றாரு. கொல்லரோட மகன், பேரு மைக்கேல் ஃபாரடே. ஆமா, அதே மின்சார ஃபாரடேதான். 1819-ல ஃபாரடே ஊட்ஸை அலசி ஒரு கட்டுரை எழுதினாரு, அப்புறம் ரெண்டு பேருமா இரும்போட வேற உலோகங்களைக் கலந்து கலந்து பாத்தாங்க. 1823-ல ஸ்டோடார்ட் இறந்துட்டாரு. ஃபாரடேயும் கொஞ்ச நாள்ல வேற பக்கம் போயிட்டாரு.

இதை நான் சென்னையில லேப்டாப்ல படிச்சிட்டிருக்கேன். படிச்சுக்கிட்டே, சரி, தமிழ்நாட்டுல இந்த எஃகு எங்கெல்லாம் செஞ்சாங்கன்னு தேடினா, கொடுமணல்னு வருது. ஈரோடு பக்கம், நொய்யல் கரை, தெரிஞ்ச பேருதான். அடுத்த பேரு மேல்சிறுவள்ளூர்.

ஒரு நிமிஷம் ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்துட்டேன். மேல்சிறுவள்ளூர் எங்க பக்கம். சங்கராபுரம் தாண்டி, மூங்கில்துறைப்பட்டு போற திசையில, கல்வராயன் மலையோட கிழக்கு அடிவாரம். திருவண்ணாமலை போறப்ப அந்தப் பக்கமா எத்தனையோ தடவை பஸ்ல தூங்கிட்டே போயிருக்கேன். சாரதா ஸ்ரீநிவாசன்ங்கிற தொல்லுலோக ஆய்வாளர் அங்க மேற்பரப்புல கிடந்த மூசைத் துண்டுகளை ஆராய்ஞ்சு, இது உருக்கு எஃகு செஞ்ச இடம்னு 1994-ல கட்டுரை வெளியிட்டிருக்காரு. மூசைன்னா, உலோகத்தை உருக்குற களிமண் குடுவை. அந்த மண்ணுல நெல் உமி கலந்து பிசைஞ்சிருக்காங்க. சுட்டதும் உமி எரிஞ்சு கரியாகும், அதனால மூசை வெடிக்காம பெருஞ்சூட்டைத் தாங்கும். உள்சுவர்ல ஒட்டியிருந்த சின்னச் சின்ன உலோகத் துளிகளை மைக்ராஸ்கோப்புல பாத்தா, கார்பன் அதிகமா ஏறின எஃகு.

செய்யுற விதம் ரொம்ப அழகா இருக்கு. இரும்புத் துண்டை மூசைக்குள்ள வைக்கணும். கூடவே கொஞ்சம் ஆவாரங்குச்சி. மேல எருக்கிலை மாதிரி பச்சை இலையைப் போட்டு மூடி, களிமண்ணால வாயை அடைச்சு, கரி உலையில வச்சுத் துருத்தி ஊதணும். உள்ள காத்து போகாது. குச்சியும் இலையும் கரிஞ்சு, அந்தக் கார்பன் இரும்புக்குள்ள ஏறும். ஆவாரஞ்செடியும் எருக்கும் எங்க ஊர்ல எந்த ரோட்டோரத்துல நின்னாலும் கிடைக்கும். இந்தச் செய்முறையை 1830-கள்ல எழுதி வச்சவர் ஜோசயா மார்ஷல் ஹீத்னு ஒரு கம்பெனி அதிகாரி. சேலம் பக்கத்துலதான் வேலை பாத்தாரு.

ஹீத் சும்மா எழுதிட்டுப் போகல. வேலையை விட்டுட்டு, பரங்கிப்பேட்டையில பெரிய இரும்பு உலை வச்சாரு. இங்கிலாந்து மாதிரியே, ஆனா நிலக்கரிக்குப் பதிலா மரக்கரி. காடு காடாக் கரி தின்னுச்சு அந்த உலை. லாபம் வரல. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேக்குற முறைக்கு 1839-ல காப்புரிமை வாங்கினாரு. ஷெஃபீல்டு கத்திக்காரங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். விலை குறைஞ்சுது, தரம் கூடுச்சு. ஆனா ஹீத்துக்குக் காசு போய்ச் சேரல. காப்புரிமை வழக்கு கோர்ட் கோர்ட்டா ஏறி, அவர் செத்த பிறகும் நடந்துச்சு. அவர் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கம் ஊருக்கு ஊர் இரும்பு உருக்கிட்டிருந்தவங்க கதைதான் எனக்கு உறுத்துது. மலிவான இங்கிலீஷ் இரும்பு கப்பல்ல வந்து இறங்க இறங்க, அவங்க உலை ஒண்ணொண்ணா அணைஞ்சுது. மூசை செய்யத் தெரிஞ்ச கடைசி ஆள் யாரு, எந்த ஊருன்னு ஒரு பேர்கூட நம்மகிட்ட இல்ல. ஸ்டோடார்ட் பேரு இருக்கு. அவர் கடை அட்டைகூட இருக்கு.

எங்க ஆயா கத்தி மேல்சிறுவள்ளூர் எஃகுன்னு நான் சொல்ல வரல. லண்டனுக்குப் போன கட்டிகளும் பம்பாய் வழியா போனவை. இந்த மாதிரி விஷயத்துல ஆசைப்பட்டு முடிச்சுப் போட்டா கதை நல்லா இருக்கும், வரலாறு கெட்டுப்போகும். ஆனா கத்தின்னாலே வெளிநாட்டு பிராண்ட், நமக்கு அரிவாள் மட்டும்தான்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேனே, அது மட்டும் தப்புன்னு தெரிஞ்சுது.

இப்பத்தான் ஸ்விட்சர்லாந்து வருது. கார்ல் எல்ஸ்னர் 1884-ல இபாஹ்ங்கிற ஊர்ல கத்திப் பட்டறை ஆரம்பிக்கிறாரு. ஸ்விஸ் ராணுவம் சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக் கத்தி குடுக்கணும்னு முடிவு பண்ணுது. அதுக்கு மாடல் 1890-ன்னு பேரு. நாட்டுக்குள்ள அவ்வளவு செய்யுற வசதி இல்லாததால முதல் ஆர்டர் ஜெர்மனியில சோலிங்கன் நகரத்துக்குப் போகுது. 1891-ல எல்ஸ்னர் தானே செஞ்சு குடுக்க ஆரம்பிக்கிறாரு, சோலிங்கன் விலையோட மோத முடியாம கடன்ல மூழ்குற நிலைமைக்கும் போறாரு.

அந்த முதல் கத்தியில என்னென்ன இருந்துச்சு? நாலே நாலு. பிளேடு. துளை போடுற ஊசி. டின் திறக்க ஒண்ணு, ஏன்னா சிப்பாய்க்குச் சாப்பாடு டின்ல வந்துச்சு. ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு, ஏன்னா அப்பத்தான் புதுசா குடுத்த ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழட்டி மாட்ட அது தேவை. சும்மா அழகுக்குன்னு ஒண்ணும் இல்ல. பாத்தீங்களா, நம்ம மடக்கெழுத்தாணி மாதிரியேதான். ஒருத்தனோட நாள் வேலையை எண்ணி, அந்த எண்ணிக்கைக்குத்தான் கருவி. ஆனா எடை 144 கிராம், பையில கல்லு மாதிரி இருக்கும். எல்ஸ்னருக்கே அது பிடிக்கல. ஒரே ஸ்பிரிங்கை வச்சு ரெண்டு பக்கமும் கருவி மடங்குற மாதிரி ஒரு வழி கண்டுபிடிச்சு, இன்னும் லேசான கத்தி ஒண்ணு செஞ்சு, 1897 ஜூன் 12-ல பதிவு பண்றாரு. அதிகாரிகளுக்கான கத்தி. அதுல ஒரு சின்ன பிளேடும், ஒயின் பாட்டில் திறக்குற திருகும் சேந்துச்சு. அந்தக் கத்தியை ராணுவம் குடுக்கல, அதிகாரிகளே காசு போட்டு வாங்கினாங்க. ஒயின் திருகை எந்த ராணுவம் குடுக்கும்?

அந்தத் திருகுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தோணுது. அதுவரைக்கும் 'வேணும்'னு இருந்தது, அதுக்கப்புறம் 'இருந்தா நல்லா இருக்குமே'ன்னு ஆயிடுச்சு. ரெண்டாம் உலகப்போர்ல வந்த அமெரிக்க சிப்பாய்களுக்கு ஜெர்மன் பேரு வாயில நுழையல, ஸ்விஸ் ஆர்மி நைஃப்னு கூப்பிட்டாங்க, உலகம் முழுக்கப் போச்சு. அப்படியே வளந்து 33 வேலை, 185 கிராம்னு ஒரு மாடல் வரைக்கும் வந்து நிக்குது. என் கார்ட்ல இருந்த நண்டு அதுதான்.

அமெரிக்காவில டிம் லெதர்மேன்னு ஒருத்தர் 1975-ல மனைவியோட ஐரோப்பா சுத்தப் போறாரு, ஒரு ஓட்டை ஃபியட் கார்ல. போற இடமெல்லாம் வண்டி மக்கர் பண்ணுது. பையில கத்தி இருக்கு, ஆனா அவருக்கு வேண்டியது குறடு. திரும்பி வந்து குறடை நடுவுல வச்சு ஒண்ணு செய்ய ஆரம்பிக்கிறாரு. விக்கிற நிலைமைக்கு வர 1983 ஆயிடுச்சு. நல்ல பொருள்தான். ஆனா என்கிட்ட ஓட்டை ஃபியட் இல்ல, ஸ்கூட்டர் ரிப்பேர்னா தெருமுனை மெக்கானிக் அண்ணன்தான்.

சரி, மெசேஜ் அனுப்புன நண்பரே, இனிமே உங்களுக்கு.

ஆயாவோட கேள்வியை நான் சீரியஸா எடுத்துக்கிட்டேன். முப்பது நாள், எதையாவது வெட்டவோ திறக்கவோ கழட்டவோ வேண்டி வந்தா போன்ல ஒரு வரி குறிச்சு வச்சேன். லாக் எடுக்காம எதையும் பேசக் கூடாதுன்னு ஆபீஸ்ல பழக்கிட்டாங்க. மொத்தம் 41 தடவை. கூரியர் பார்சல் டேப் 16. பால் பாக்கெட், சாஸ் பாக்கெட் வகையறா 11. துணியில நூல், விலைச்சீட்டு 6. பழம் 4. ஸ்க்ரூ 3, மூணும் சின்னது. கையில ஏறின சிராய் 1. ரம்பம் பூஜ்யம். மீன் பூஜ்யம். ஒயின் பூஜ்யம், அதுக்கு வேற காரணங்கள்.

அதுக்கப்புறம் வாங்குறது சுலபமாயிடுச்சு. சின்ன பிளேடு, கத்தரிக்கோல், சின்ன ஸ்க்ரூடிரைவர் முனை, சிராய் எடுக்க ஒரு இடுக்கி. 58 மில்லிமீட்டர்ல விக்டோரினாக்ஸ் கிளாசிக்ல இதெல்லாம் இருக்கு, எடை 21 கிராம். சாவிக்கொத்துல மாட்டினா இருக்குறதே தெரியாது. கருவியே வேணாம், பழம் நறுக்க ஒரு நல்ல பிளேடு போதும்னு நெனக்கிறவங்க பிரான்ஸோட ஒப்பினெல் பாக்கலாம். 1890-ல ஜோசப் ஒப்பினெல் ஆரம்பிச்சது, மரப்பிடி, ஒரு பிளேடு, 1955-ல இருந்து கழுத்துல ஒரு வளையம். வளையத்தைத் திருப்பினா பிளேடு விரல் மேல மடங்காது. அவ்வளவுதான் அதோட டெக்னாலஜி.

எஃகைப் பத்தி ஒண்ணு. கார்பன் ஸ்டீல் பிளேடு சட்டுனு கூராகும், ஆனா எலுமிச்சம்பழம் வெட்டிட்டு அப்படியே வச்சா காலையில கறுத்துப்போயிருக்கும். சென்னைக் காத்துல உப்பு வேற. துடைச்சு எண்ணெய் தடவுற பழக்கம் இருந்தா அதை வாங்குங்க, என்னை மாதிரி சோம்பேறின்னா ஸ்டெயின்லெஸ். அதிகக் கடினமான விலை உயர்ந்த எஃகுன்னு விக்கிறதை வீட்டுல தீட்டறது கஷ்டம். ஆயா அம்மிக்கல்லு ஓரத்துல நாலு இழுப்பு இழுப்பாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுப்பாங்க. அந்தச் சுலபம் இருக்கணும்.

சட்டம் பத்தியும் கேட்டிருந்தீங்க. ஆயுதச் சட்டம் 1959. அதுக்குக் கீழ வர்ற விதிகள் ஆயுதம்னு கணக்குல எடுக்குற கத்தி, பிளேடு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்குறது. அதுலயும் வீட்டு வேலை, விவசாயம் மாதிரி வேலைக்குன்னு செஞ்சதை விட்டுடுது. 21 கிராம் கத்தி அதுல எங்கயும் வராது. ஆனா கத்தியைக் காட்டி யாரையாவது மிரட்டினா அளவெல்லாம் கணக்கு இல்ல, அது வேற வழக்கு. பட்டன் தட்டித் திறக்குற வகையை விட்டுடுங்க, தேவையில்லாத தலைவலி. ஃபிளைட்ல கைப்பையில கத்தி போகாது, செக்-இன் பையில போட்டுடணும். சாவிக்கொத்துல மாட்டியிருக்குறதை மறந்து, ஒரு ஏர்போர்ட்ல அவங்க வச்ச பிளாஸ்டிக் டப்பாவுல என் முதல் கத்தியைப் போட்டுட்டு வந்தேன். அந்த டப்பா பாதி நிரம்பியிருந்துச்சு. என்னை மாதிரி நிறையப் பேர்.

இந்த ஏர்போர்ட் விஷயம் சின்னது இல்ல. 2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் விமான நிலையக் கடைகள்ல பாக்கெட் கத்தி விக்கிறதே நின்னுபோச்சு. விக்டோரினாக்ஸ் விற்பனை ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு விழுந்துச்சு. யாரையும் வேலையை விட்டு அனுப்பாம, கொஞ்சம் பேரை அக்கம்பக்கத்து கம்பெனிகளுக்குக் கடனா அனுப்பிச் சமாளிச்சாங்க. 2024-ல அந்தக் கம்பெனி தலைவர், பிளேடே இல்லாத கருவிகளும் செய்யப் பாக்குறோம்னு சொன்னாரு. பல நாடுகள்ல கத்தி வச்சிருக்குற சட்டம் இறுகிக்கிட்டே வருதுங்கிறது காரணம். அவங்களோட அந்தக் கருவிகள்ல பிளேடு இருக்காது, மத்ததெல்லாம் இருக்கும். எங்க வீட்டுல எழுத்தாணி போச்சு, பிளேடு இருக்கு.

பொங்கல் முடிஞ்சு கிளம்புறதுக்கு முன்னாடி, அந்தக் கத்தியை ஊர்ல ஒரு கொல்லுப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். ஆயாகிட்ட கேக்கலதான். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "பழைய தண்டை அறுத்து எடுத்துட்டு புதுசா ஒரு ஊசி அடிச்சு வச்சிரலாம் தம்பி, பிடிதான் வெடிச்சிரும். கொம்பு காஞ்சு போயிருக்கு"ன்னாரு. வேணாம்னு வாங்கிட்டு வந்துட்டேன். வாசல்லயே ஆயா நின்னுட்டிருந்தாங்க, இடுப்புல கை வச்சு.

"எங்கடா எடுத்துட்டுப் போன என் கத்திய? மாங்கா எதுல நறுக்குறது?"

எழுத்தாணியைச் சரி பண்ணலாம்னு பாத்தேன்னு சொன்னேன். "அத வச்சு யாரு எழுதப் போறா"ன்னாங்க. நான் எழுதுறேன்னு சொல்ல வாய் வந்துச்சு. பனையோலையை வாரக்கூடத் தெரியாது எனக்கு, அதனால சொல்லல. அந்த முனை எப்ப ஒடிஞ்சுதுன்னு கேட்டேன். மாமியாருக்கும் தெரியாதாம். ஒடிஞ்சப்ப யாரும் அதைப் பெரிசா எடுத்திருக்க மாட்டாங்க. வீட்டுல காகிதம் வந்திருக்கும்.

புதுசா வாங்கின 21 கிராம் கத்தியை அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப ஆயாவுக்குக் காட்டினேன். பிளேடை விரிச்சுப் பாத்துட்டு, "இது எலி பல்லு மாதிரி இருக்குது"ன்னு ஒதுக்கிட்டாங்க. கத்தரிக்கோலை விரிச்சதும் முகம் மாறிடுச்சு. பால் பாக்கெட் ஒண்ணை எடுத்து மூலையை நறுக்கிப் பாத்தாங்க. பூ கட்டுற நாரை நறுக்கிப் பாத்தாங்க. மாத்திரை அட்டையை நறுக்கினாங்க. சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அது அஞ்சறைப்பெட்டி பக்கத்துல, கொம்புப்பிடிக் கத்தியோட சேந்து உக்காந்திருந்துச்சு. கேக்கலாமான்னு பாத்தேன். கேக்கல.

இப்ப என் சாவிக்கொத்துல சாவி மட்டும்தான் இருக்கு. இன்னொண்ணு ஆர்டர் போடணும். அடுத்த எபிசோடுல பாப்போம்.